திரும்பி வராத விடைத்தாள்

சட்டக் கல்லூரியில் போடும் மதிப்பெண் யாருக்காக? படிக்கிற மாணவருக்காகவா, நாளை அவரை நம்பி வழக்கைக் கொடுக்கப்போகிற கட்சிக்காரருக்காகவா, வேலைக்கு ஆள் எடுக்கிற நிறுவனத்துக்காகவா? மூன்று தரப்புக்கும் ஒரே எண் போதும் என்று வைத்துக்கொண்டுதான் நம் பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்துகின்றன. அது சரிதானா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் சாமளாபுரம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கிரேடு முறை பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதிவிட்டார்கள். பல்லடம் வட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கும் ஒரு பேரூராட்சியிலிருந்து, வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க அரசு சட்டக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அந்த எண் என்ன செய்கிறது என்று எழுதியவர்கள் குறைவு.

இந்தப் பக்கம் ஒரு வழக்கறிஞரிடம் என்ன வேலை வருகிறது? முதலில் செக். நூல் வாங்கியதற்கு, துணி கொடுத்ததற்கு, சாயம் ஏற்றியதற்கு என்று திருப்பூர் வட்டாரத் தொழில் பெரும்பாலும் கடனிலும் பின்தேதி போட்ட காசோலையிலும்தான் நகர்கிறது. திரும்பி வரும் காசோலைகளும் அந்த அளவுக்கு உண்டு. அடுத்தது கிரயம், பட்டா, வில்லங்கச் சான்று, பாகப் பிரிவினை. அதற்கடுத்து விபத்து இழப்பீடு, பனியன் கம்பெனித் தொழிலாளியின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒப்புக்கொண்ட கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை என்று சோமனூர், பல்லடம் பகுதிக் கூலித் தறிக்காரர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் தகராறு தனி. எல்லாவற்றுக்கும் மேலே ஆறு. சாயக் கழிவு வழக்கில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நிறைவேறவில்லை என்று நொய்யல் பாசன விவசாயிகள் போட்ட அவமதிப்பு மனுவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆற்றை நம்பிய விவசாயிக்கும் சாயப்பட்டறையை நம்பிய தொழிலாளிக்கும் அந்த ஒரே உத்தரவு இரண்டு விதமாக விடிந்தது.

இந்த வேலைகளுக்கு ஒருவர் தகுதியானவரா என்பதை மதிப்பெண் பட்டியல் கொஞ்சமாவது காட்ட வேண்டும். அதுதான் என் அளவுகோல்.

சட்டக் கல்லூரியில் ஒருவரின் தகுதிநிலை சட்டம் படிக்கத் தொடங்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. மேலே இருப்பவர்கள் 2002-ல் தொடங்கப்பட்ட அதன் சீர்மிகு சட்டப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஹானர்ஸ் பட்டம். அடுத்து நிற்பவர்கள் கோவை, மதுரை, திருச்சி, திருநெல்வேலி போன்ற அரசு சட்டக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். அவர்கள் வாங்கும் பட்டத்தில் ஹானர்ஸ் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்று, துணைவேந்தர் ஒருவர், பட்டத்தின் மதிப்பு மட்டும் இரண்டு. அதைப் பிரித்தது பதினேழு வயதில் இயற்பியலிலும் வணிகவியலிலும் வாங்கிய மதிப்பெண். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இன்னொரு உயரம். அவற்றுக்கான கிளாட் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். சேர்ந்தால் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில். கூலித் தறி வருமானத்தில் அது நடக்கிற காரியமில்லை. எனவே சாமளாபுரத்துப் பிள்ளைக்கு அரசு சட்டக் கல்லூரிதான் கதவு. கட்டணம் மிகக் குறைவு, 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. இந்தக் கல்லூரிகள் இல்லையென்றால் கொங்கு நாட்டின் தறிக்காரர் வீட்டிலிருந்து கறுப்புக் கோட்டு போட ஆளே வந்திருக்காது. நான் வைக்கப்போகிற குறைகள் அந்த நன்றியை மறந்தவை அல்ல.

இனி தேர்வு. மூன்று மணி நேரம். கட்டுரை வினாக்கள், சிறுகுறிப்புகள், கடைசியில் ஒரு நிகழ்வைக் கொடுத்துச் சட்டத் தீர்வு கேட்கும் ஒன்றிரண்டு பிராப்ளம். பெரும்பகுதி மதிப்பெண் முதல் இரண்டுக்குப் போகிறது. கைடு வாங்கி, முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களைப் பார்த்து, முப்பது கேள்விகளுக்கு விடை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்பது சட்டக் கல்லூரி வாசலில் நிற்கும் எவருக்கும் தெரியும். மனப்பாடத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். பிரிவு எண்ணும் வழக்கின் பெயரும் நாவில் நிற்பது வழக்கறிஞருக்கு உதவும். ஆனால் மதிப்பெண்ணின் எடை முழுவதும் அதன் மேல் நின்றால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 1 காட்டிக் கொடுத்தது. அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 358 பிரிவுகள் வந்தன. 302 என்று தெருவில் போகிறவரும் சொன்ன கொலைப் பிரிவு 103 ஆனது, 420 ஆக இருந்த மோசடி 318 ஆனது. முதல் தகவல் அறிக்கைக்கான 154, புதிய நடைமுறைச் சட்டத்தில் 173 ஆனது. ஜூன் மாதம் முதல் வகுப்பில் தேறிய ஒருவரின் எண் அறிவு ஜூலையில் பழைய கணக்கானது. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, திருப்பூருக்கு மிக வேண்டிய பாடமும் அதே கதிக்கு ஆளானது. எண் மாறியும் கெடாத ஒன்று உண்டு. ஒரு குற்றத்துக்கு எந்தெந்தக் கூறுகள் வேண்டும், அவற்றை எந்தச் சாட்சியத்தால் நிறுவுவது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அது. தேர்வு அதைத்தான் மிகக் குறைவாக அளக்கிறது.

செக் வழக்கையே எடுத்துக்கொள்வோம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ம் பிரிவை விளக்குக என்று கேள்வி வந்தால், காசோலை அவமதிப்பின் வரலாறு, 1988-ல் வந்த திருத்தம், நோக்கம் என்று நான்கு பக்கம் எழுதுகிறவருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். கட்சிக்காரருக்கு வேண்டியது நாள் கணக்கு. வங்கியிலிருந்து காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அதைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் மனு. புகார் மனு தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி இல்லை. நோட்டீஸில் காசோலைத் தொகையைத் தெளிவாகக் கேட்காமல் வட்டி, செலவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் வழக்கே விழக்கூடும். 30 நாள் தவறிவிட்டதென்று கைவிரிக்கவும் வேண்டியதில்லை. காசோலையின் காலம் முடியவில்லையென்றால் மறுபடி வங்கியில் போட்டு, புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம் என்று 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அறிந்த ஜூனியர், பல லட்சம் ரூபாய் நூல் பாக்கியை மீட்டுக்கொடுப்பார். நான்கு பக்கக் கட்டுரையில் இவர் யார் என்று தெரியாது. ஒரு காலண்டரும் மூன்று தேதிகளும் கொடுத்து, நோட்டீஸை எழுது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படிக் கேட்கும் தாள் ஏற்கெனவே விதியில் இருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் மனதை மிகவும் வருத்துவது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்குகின்றன. வரைவுத் தாளில் பிராது, எதிருரை, மனுக்கள் என்று 15 பயிற்சிகளுக்கு 45 மதிப்பெண், கிரயம், அடமானம், உயில் போன்ற ஆவணங்களில் 15 பயிற்சிகளுக்கு 45 மதிப்பெண், நேர்முகத்துக்கு 10. மூட் கோர்ட் தாளில் வாதத்துக்கு 30, ஒரு சிவில் வழக்கையும் ஒரு கிரிமினல் வழக்கையும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுத 30, கட்சிக்காரரை விசாரிக்கும் முறைக்கும் பயிற்சி நாட்குறிப்புக்கும் 30, நேர்முகத்துக்கு 10. மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் பயிற்சி. தாளில் இதைவிட நல்ல பாடத்திட்டம் வேண்டியதில்லை. எழுதியவர்கள் நீதிமன்றத்தை அறிந்தவர்கள்.

நடப்பது வேறு. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துப் புது ரெக்கார்டு எழுதுவது பல கல்லூரிகளில் வழக்கம். பார்க்காத வழக்குக்கும் குறிப்பு இருக்கும், போகாத அலுவலகத்துக்கும் நாட்குறிப்பு இருக்கும். எல்லோருக்கும் எண்பதுக்கு மேல் விழுவதால் இந்தத் தாள்களின் மதிப்பெண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. விளைவைக் கவனியுங்கள். தொழிலுக்கு மிக நெருக்கமான நான்கு தாள்கள் மாணவர்களிடையே எந்த வேறுபாட்டையும் காட்டுவதில்லை. தொழிலிலிருந்து விலகி நிற்கும் கட்டுரைத் தாள்கள்தான் முதல் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பிரிக்கின்றன. முறையின் மேல் நான் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இது, என் பார்வையில் கனமானதும் இதுவே.

இரண்டாவது குற்றச்சாட்டு திருத்தும் முறை பற்றியது. சாமளாபுரத்தில் கூலிக்கு நெய்தவர் துணியைக் கொடுக்கும்போது, பிரித்துப் பார்த்து இழை விட்ட இடத்தையும் எண்ணெய்க் கறை பட்ட இடத்தையும் காட்டித்தான் கூலியில் பிடிப்பார்கள். பிடித்தம் நியாயமா என்று சண்டை வரும். ஆனாலும் குறை எங்கே என்று தறிக்காரர் கண்ணால் பார்த்துவிடுவார், அடுத்த பாவில் தறியைச் சரிசெய்வார். பல்கலைக்கழகம் 38 என்று ஒரு எண்ணை அனுப்புகிறது. எந்தக் கேள்வியில், எந்த வரியில், ஏன் குறைந்தது என்று மாணவருக்குத் தெரிவதில்லை. அரியர் வைத்தவர் அடுத்த பருவத்தில் அதே தவற்றை அதே தன்னம்பிக்கையோடு எழுதுகிறார். கற்பிக்கும் கருவியாக மதிப்பெண் தோற்பது இங்கேதான்.

மறுமதிப்பீடு இருக்கிறதே என்பார்கள். பணம் கட்டினால் வேறொருவர் திருத்துவார், இன்னொரு எண் வரும். ஏன் என்பதற்கு அப்போதும் பதில் இல்லை. அதுவும் உரிமையாக வருவதில்லை. தேர்வுக் குழுவின் விதி அனுமதிக்காவிட்டால் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984-ல் மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் முடிவு என்று ஒன்று வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் நியாயம். பள்ளித் தேர்வுக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். காரணம் சொல்லாத உத்தரவு செல்லாது என்று நிர்வாகச் சட்ட வகுப்பில் கற்றுக்கொடுத்துவிட்டு, அந்த வகுப்பின் தேர்விலேயே காரணம் சொல்லாமல் ஒருவரைத் தோல்வியாக்குவது சட்டக் கல்விக்குப் பொருந்தாது. இயந்திரம் இதைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. மும்பை பல்கலைக்கழகம் 2017-ல் விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்தத் தொடங்கியது. முடிவுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போய், சட்ட மாணவர்கள் மேற்படிப்பு வாய்ப்புகளை எண்ணித் தவித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் துணைவேந்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இந்த விடைக்கு இன்ன அம்சம் இருந்தால் இத்தனை மதிப்பெண் என்ற எழுதிய திட்டம் இல்லாதவரை, தாளில் திருத்தினாலும் திரையில் திருத்தினாலும் மாணவருக்கு ஒன்றுதான்.

வருகைப் பதிவு விவகாரம் மதிப்பெண்ணோடு அண்மையில் வந்து கலந்திருக்கிறது. 2008 விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 65 வரை தளர்த்தலாம். கோவை அரசு சட்டக் கல்லூரி மருதமலைச் சாலையில் இருக்கிறது. சாமளாபுரத்திலிருந்து கருமத்தம்பட்டி போய், அவினாசி சாலை வழியாகக் காந்திபுரம் சேர்ந்து, அங்கிருந்து மருதமலைப் பேருந்து பிடிக்க வேண்டும். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். தறியில் ஆள் வராத நாளில் தறிக்கு நிற்பதும் வீட்டுப் பிள்ளைதான். இவருக்கு 70 என்பதும் கல்லூரி விடுதியில் தங்கியிருப்பவருக்கு 70 என்பதும் ஒரே சுமை அல்ல. வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போன ஒரு சட்ட மாணவரின் 2016-ம் ஆண்டுத் தற்கொலையையொட்டித் தொடங்கிய வழக்கில், 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருகை குறைந்ததற்காக எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்றது. அதிகபட்சமாக மதிப்பெண்ணில் 5 சதவீதம் வரை குறைக்கலாம் என்றும் சொன்னது.

தீர்ப்பின் கருணையை வணங்குகிறேன். அதன் இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. 62 எடுத்தவருக்கு வருகைக்காகக் குறைத்து 59 என்று பட்டியலில் போட்டால், அந்த 59 எதைச் சொல்கிறது? சட்ட அறிவையா, பேருந்து தவறியதையா? பட்டியலைப் பார்ப்பவர் அறிய வழியில்லை. வருகை முக்கியம்தான். மூட் கோர்ட்டுக்கும் கட்சிக்காரர் நேர்காணலுக்கும் ஆள் இல்லாமல் பயிற்சி இல்லை. அப்படியானால் வருகையைத் தனி வரியாகப் பட்டியலில் அச்சிடுங்கள். அறிவின் எண்ணில் அதைக் கரைக்க வேண்டாம்.

மாற்று முறைகளையும் எடைபோட வேண்டும். அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் பலவற்றில் வளைவு முறை நடக்கிறது. வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த கிரேடு என்று முன்பே பங்கு போட்டுவிடுவார்கள். ஒருவரின் கிரேடு, அவர் எழுதியதையும் பக்கத்தில் இருப்பவர் எழுதியதையும் சேர்த்தே அமைகிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2015-ல் பத்துப் புள்ளி கிரேடு முறையைக் கொண்டுவந்தபோது இப்படி ஒப்பிட்டுப் போடும் வழியைத் திறந்தே வைத்தது. இதில் ஒரு நன்மை இருப்பதை மறுக்க முடியாது. கையை இறுக்கித் திருத்துபவர், வாரி வழங்குபவர் என்ற வேறுபாட்டை இது சமன் செய்யும். மத்தியத் திருத்த மையத்தில் பல ஊர் ஆசிரியர்கள் பிரித்துத் திருத்தும் நம் முறைக்கு அது பொருந்தும் நன்மைதான். ஆனால் வளைவு முறை பிறந்த காரணம் பெரிய சட்ட நிறுவனங்களுக்கு ஆட்களை வரிசைப்படுத்திக் கொடுப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள லயோலா சட்டப் பள்ளி 2010-ல் எல்லா மாணவரின் கிரேடையும் முன்தேதியிட்டு 0.333 உயர்த்தியது. வேலைச் சந்தையில் தம் மாணவர்கள் பின்தங்கக் கூடாது என்பதே காரணம். யாருடைய சட்ட அறிவும் ஓர் இரவில் உயரவில்லை. கட்சிக்காரரைக் காக்க வேண்டிய தேர்ச்சி எல்லை, வகுப்பில் உள்ள மற்றவர்களைப் பொறுத்து ஏறி இறங்கக் கூடாது. நோட்டீஸ் தேதியைத் தவறவிட்டவர், வகுப்பில் எல்லோரும் தவறவிட்டார்கள் என்பதற்காகத் தேறிவிடக் கூடாது.

எதிர்முனையில் யேல் இருக்கிறது. அறுபதுகளிலேயே வழக்கமான கிரேடைக் கைவிட்டுச் சிறப்பு, தேர்ச்சி என்று சில படிகளோடு நிறுத்திக்கொண்டது. ஹார்வர்டு சட்டப் பள்ளி 2008-ல் அதே வழிக்கு வந்தது. நமக்கும் அதுதான் என்று சொல்லத் தோன்றும். இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான வாதம் எழுகிறது. யேலுக்கு மதிப்பெண் தேவையில்லை, ஏனென்றால் யேல் என்ற பெயரே போதும். அரசு சட்டக் கல்லூரி மாணவருக்கு அந்தப் பெயர் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரியான ஒரு தறிக்காரர் மகள் பல்கலைக்கழக ரேங்க் வாங்கினால், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கதவு திறக்கலாம். ரேங்கையும் எடுத்துவிட்டால் கல்லூரிப் பெயரும் சீனியரின் சாதியும் அப்பாவின் அறிமுகமும்தான் மிஞ்சும். இந்த வாதத்தை நான் பலமுறை புரட்டிப் பார்த்தேன், எளிதில் தள்ள முடியவில்லை.

தள்ளாமலே இப்படி மறுமொழி சொல்கிறேன். மதிப்பெண் எங்கே கேட்கப்படுகிறது என்று பாருங்கள். 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ம் பிரிவு பதிவுக்குப் பட்டத்தைத்தான் கேட்கிறது, சதவீதத்தைக் கேட்கவில்லை. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அந்தக் கதவு இன்னும் அகலமாகியிருக்கிறது. பல்லடத்திலோ திருப்பூரிலோ சீனியர் யாரும் ஜூனியரிடம் மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை. சிவில் நீதிபதித் தேர்வுக்குப் புதுப் பட்டதாரியாகப் போகிறவருக்குச் சதவீதம் பார்த்தார்கள். 2025 மே 20-ல் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கியதோடு அந்த வழியும் அடைபட்டது. எல்.எல்.எம். சேரச் சதவீதம் வேண்டும். ஆக, ரேங்க் உதவுவது ஒரு வகுப்பில் ஓரிருவருக்கு. 52-க்கும் 57-க்கும் இடையில் நிற்கிற பெருங்கூட்டத்துக்கு அந்த வேறுபாடு தரும் பயன் எதுவும் இல்லை, தாழ்வு மனப்பான்மையைத் தவிர. அந்த ஓரிருவருக்கும் இதைவிட நல்ல சான்று கொடுக்க முடியும். வெளியாள் திருத்திய வரைவுத் தாளில் 90 வாங்கினார் என்பது, கட்டுரைத் தாள்களின் மொத்தச் சராசரியைவிட எந்தச் சட்ட அலுவலகத்துக்கும் தெளிவாகப் பேசும்.

பட்டத்தின் மேல் தொழிலுக்கே நம்பிக்கை இல்லை என்பதற்கு அகில இந்திய பார் தேர்வே சாட்சி. 2011-ல் முதல் தேர்வு நடந்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 100 கேள்விகள், குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். இப்போது பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இது செல்லும் என்றது. ஐந்தாண்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள் எழுதி வந்தவரை வாசலில் மறுபடி நிறுத்திச் சோதிப்பதென்றால், அந்த நாற்பது தாள்களும் எதை நிறுவின? அதிலும் வருத்தம், இந்த வாசல் தேர்வும் ஒரு வரிகூட எழுதச் சொல்வதில்லை. நோட்டீஸ் எழுதத் தெரியாமலே ஒருவர் இரண்டு தடைகளையும் தாண்டிவிடலாம்.

மொழியைப் பற்றி ஒன்று. பல்கலைக்கழகத் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டு. மாவட்ட நீதிமன்றங்களின் மொழியும் தமிழ். பல்லடம் நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பவர் கொங்குத் தமிழில்தான் சாட்சி சொல்கிறார். ஆனாலும் தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம் மாணவரிடம் ஆழமாக இருக்கிறது. திருத்தும் திட்டம் வெளியில் தெரியாததால் அந்த அச்சத்தைப் பொய்யென்று நிறுவவும் வழியில்லை. இலங்கைச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் மட்டுமே பயிற்று மொழி என்று 2020 இறுதியில் வந்த விதியை 2023 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிராகரித்தது. அங்கே தமிழில் தேர்வெழுதும் உரிமையைக் காக்க நாடாளுமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இங்கே உரிமை கையில் இருக்கிறது, பயம் அதைப் பயன்படுத்த விடுவதில்லை.

இனி என் முடிவு. இப்போதைய மதிப்பெண் முறை, தேறியவரையும் தேறாதவரையும் பிரிக்கும் வேலையை அரைகுறையாகச் செய்கிறது. மாணவருக்குக் கற்றுத்தரும் வேலையைச் செய்யவே இல்லை. கட்சிக்காரருக்குச் சான்று சொல்லும் வேலையில் தவறான தாள்களுக்கு எடை கொடுத்து வழிதவற வைக்கிறது. ஆகவே மொத்தச் சதவீதத்தின் மேல் நிற்கும் வகுப்பும் ரேங்கும் போக வேண்டும். பாடவாரி மதிப்பெண் இருக்கட்டும், தேர்ச்சி எல்லை எல்லோருக்கும் ஒன்றாக நிலையாக இருக்கட்டும். வளைவு முறை வேண்டாம். நான்கு செய்முறைத் தாள்களைச் சொந்தக் கல்லூரி ஆசிரியர் திருத்தக் கூடாது. வேறு மாவட்டத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞரோ ஓய்வுபெற்ற நீதிபதியோ, பெயர் மறைத்த தாளைத் திருத்த வேண்டும். விதியே அவர்களின் துணையைப் பரிந்துரைக்கிறது. கட்டுரைத் தாள்களில் சட்டப் புத்தகத்தை உள்ளே அனுமதித்து, பிராப்ளம் வினாக்களுக்குப் பாதிக்குமேல் மதிப்பெண் தர வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தில் வேலூர் குடிமக்கள் வழக்கை ஒப்பிக்கச் சொல்வதைவிட, 2011-ம் ஆண்டு நொய்யல் உத்தரவைக் கொடுத்து, மூடப்பட்ட ஆலையின் தொழிலாளிக்காக ஒரு மனு எழுது என்று கேட்கலாம். சாமளாபுரத்துப் பிள்ளை அந்தத் தாளில் யாருக்கும் பின்தங்காது. திருத்திய விடைத்தாள், திருத்தும் திட்டத்தோடு சேர்ந்து, கேட்காமலே மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்குப் பல்கலைக்கழகத்தின் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேர்வெழுதியவரின் உரிமை என்று 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தியவரின் பெயர் கிடைக்காது, அதைவைத்து மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்கவும் முடியாது. ஆனால் தாளைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். விடைத்தாள்களை அழித்துவிடும் காலத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, மறுமதிப்பீட்டுப் பணத்தைக் கட்டும் முன் இந்த மனுவை எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாட்களுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.